கழுத்தில் கேட்கும் எதிரொலி

எங்கள் தூத்துக்குடியில் விடியும் முன்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து விசைப்படகுகள் கிளம்பிவிடும். அந்தப் படகுகளில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். 'எக்கோ சவுண்டர்' என்பார்கள். அது படகின் அடியிலிருந்து ஓர் ஓசையைக் கடலுக்குள் அனுப்பும். அந்த ஓசை தரையில் மோதித் திரும்பி வரும். போய்வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கணக்குப் போட்டு, இங்கே ஆழம் இவ்வளவு, நடுவிலே மீன் கூட்டம் இருக்கிறது என்று பெட்டி காட்டிவிடும். கடல் தண்ணீரில் ஓசை ஒரு விநாடிக்குச் சுமார் 1500 மீட்டர் ஓடும். 15 மீட்டர் ஆழத்தைத் தொட்டுவிட்டு வர, விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் போதும்!

முன்னெல்லாம் இது ஏது? ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கித்தான் ஆழம் பார்த்தார்கள். முத்துக்குளித்தவர்களோ மூச்சை அடக்கிக்கொண்டு தாங்களே அடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். 1961-ம் ஆண்டோடு எங்கள் கடலில் முத்துக்குளிப்பு நின்று போயிற்று. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள உயிரைப் பணயம் வைத்த காலம் அது.

கடலுக்கு மட்டுமா இந்தக் கணக்கு? நம் உடம்புக்கும் இதே கணக்குத்தான் என்பது எனக்குத் தெரிய வந்தது, எங்கள் வீட்டில் ஒரு கஷ்டம் வந்த பிறகுதான்.

'எனக்கென்ன கேடு?'

என் அண்ணன் மனைவி, எங்கள் மதினி, ஒரு நாள்கூடப் படுத்து நாங்கள் பார்த்ததில்லை. "டாக்டர்கிட்டே ஒரு தடவை பி.பி. பார்த்துக்கிடுங்க மதினி" என்றால், "எனக்கென்ன கேடு? நல்லாத்தானே இருக்கேன்!" என்பாள். தலை வலித்தால் ஒரு கட்டு தைலம். அவ்வளவுதான் வைத்தியம்.

ஒரு நாள் காலை தோசை ஊற்றிக்கொண்டிருந்தவள் கையிலிருந்து கரண்டி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனாள், வலது கை எழும்பவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு குழறியது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு, பக்கவாதம் என்றார்கள். "இவங்களுக்குப் பல வருஷமா ரத்தக் கொதிப்பு இருந்திருக்கு. ரத்தக்குழாயெல்லாம் இறுகிப் போச்சு. யாரும் கவனிக்கலை" என்று டாக்டர் சொன்னபோது, அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். எங்கள் எல்லோருக்குமே அப்படித்தான் இருந்தது. மதினி பிழைத்துக்கொண்டாள். பேச்சு இப்போது தேவலை. வலது கை மட்டும் இன்னும் முழுசாக வரவில்லை.

அப்போது அவள் மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும், "நீ டாக்டருக்குப் படிம்மா, உங்க அம்மாவை மாதிரி ஆளுங்களைக் காப்பாத்தணும்" என்றார்கள். அவளோ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெல்லக் கேட்டாள்: "ஏன் அத்தை, எனக்கு எலெக்ட்ரானிக்ஸ்தான் பிடிச்சிருக்கு. அதைப் படிச்சா நோயாளிக்கு ஒண்ணும் செய்ய முடியாதா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள். ஆனாலும் குழந்தை கேட்டுவிட்டாளே என்று தேடிப் படித்தேன். அப்படித் தெரிந்துகொண்டதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

கப்பல் கருவியிலிருந்து பிரசவ வார்டுக்கு

உங்கள் அடுப்படியில் கேஸ் லைட்டர் இருக்கிறதல்லவா? 'டக்' என்று அழுத்தினால் பொறி பறக்கிறது. அதற்குள் ஒரு கல் இருக்கிறது. அந்த வகைக் கல்லை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும். பிரான்ஸ் தேசத்து க்யூரி சகோதரர்கள் 1880-ல் கண்டுபிடித்த விஷயம் இது. அதையே திருப்பிப் போட்டால், கல்லுக்கு மின்சாரம் கொடுத்தால் அது அதிர்ந்து ஓசை எழுப்பும். திரும்பி வரும் எதிரொலி பட்டால் மறுபடி மின்சாரம் தரும். ஆக, வாயும் காதும் அதே கல்தான்! முதல் உலக யுத்தத்தின்போது கடலுக்கடியில் ஒளிந்திருந்த நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்க லாஞ்செவின் என்ற விஞ்ஞானி இந்த முறையைக் கையாண்டார்.

நம் காதுக்கு விநாடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். ஆஸ்பத்திரி ஸ்கேனில் அனுப்பும் ஓசையோ விநாடிக்கு லட்சக்கணக்கில், ஒரு கோடிக்கு மேலும் அதிரும். அதனால்தான் 'அல்ட்ரா சவுண்ட்' என்று பெயர். எக்ஸ்ரே போன்ற கதிர் இதில் கிடையாது.

இதைக் கர்ப்பிணிகளுக்கும் பெண்களின் வியாதிகளுக்கும் கொண்டுவந்தவர் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்து டாக்டர் இயன் டொனால்ட். கப்பல் கட்டும் ஊர் அது. இரும்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று பார்க்க அங்கே தொழிற்சாலைகளில் ஒலிக்கருவி வைத்திருந்தார்கள். 1955-ல் டாக்டர் டொனால்ட், பெண்களின் வயிற்றிலிருந்து ஆபரேஷனில் எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு பாய்லர் தொழிற்சாலைக்கே போய்விட்டார்! அங்கிருந்த கருவியைக் கட்டியின் மேல் வைத்துப் பார்த்தார்கள். கெட்டிக் கட்டிக்கு ஒரு விதமான எதிரொலி, நீர்க்கட்டிக்கு வேறு விதமான எதிரொலி.

பிறகு டாம் பிரவுன் என்ற இளம் என்ஜினீயர் அவரோடு சேர்ந்தார். கப்பலுக்குக் கருவி செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தவர். புற்றுநோய், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைவிடப்பட்ட ஒரு பெண்மணிக்கு இருப்பது பெரிய நீர்க்கட்டிதான் என்று அந்தக் கருவி காட்டிக் கொடுத்தது. ஆபரேஷன் செய்தார்கள், அவள் பிழைத்தாள். 1958-ல் டாக்டர் டொனால்ட், டாக்டர் மக்விகர், என்ஜினீயர் பிரவுன் மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 'லான்செட்' வைத்திய சஞ்சிகையில் வெளியாயிற்று. இன்று நாம் போய்ப் படுத்துக்கொள்ளும் ஸ்கேனுக்கு அதுதான் ஆரம்பம்.

பார்த்தீர்களா? மூன்று பேரில் ஒருவர் என்ஜினீயர். அவர் இல்லாவிட்டால் கருவியே இல்லை.

கண்ணுக்குச் சிப் செய்த தமிழர்

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். சென்னை ஐ.ஐ.டி.யில் மோகனசங்கர் சிவப்பிரகாசம் என்று ஒரு பேராசிரியர். டாக்டர் பட்டம் வாங்கியவர்தான், ஆனால் வைத்தியத்தில் அல்ல. மின்னணுச் சர்க்யூட் வடிவமைப்பில்! அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூஸ் வளாகத்தில் படித்தபோது, கண்ணுக்குள்ளே வைக்கும் சிப்புக்கான சர்க்யூட்டை ஆராய்ந்தார்.

விழித்திரை கெட்டுப் பார்வை போனவர்களுக்காக அந்த முயற்சி. மூக்குக்கண்ணாடியில் ஒரு சின்னக் காமிரா. அது பார்த்ததைக் கம்பியில்லாமல் கண்ணுக்குள் இருக்கும் சிப்புக்கு அனுப்பும். சிப் மிக மெல்லிய மின்துடிப்புகளாக அதை விழித்திரை நரம்புகளுக்குக் கொடுக்கும். கேட்கச் சுலபம். ஆனால் கண்ணாயிற்றே! சிப் கொஞ்சம் சூடானாலும் ஆபத்து. ஒரு பக்கமாக மின்சாரம் தேங்கினாலும் திசு கெட்டுவிடும். அதனால் ஒவ்வொரு துடிப்புக்கும், எவ்வளவு கொடுத்தோமோ அவ்வளவையும் திருப்பி எடுத்துவிட வேண்டும். வரவும் செலவும் பைசா பிசகாமல் சரியாக இருக்கவேண்டிய கணக்கு. அந்தச் சர்க்யூட் பற்றி அவரும் அவருடைய குழுவினரும் எழுதிய கட்டுரை 2005-ல் வெளிவந்தது.

அவ்வளவு படித்தவர் சென்னைக்கு வந்து ஐ.ஐ.டி.யில் சேர்ந்தார். 2011-ல் ஐ.ஐ.டி.யும் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து தரமணியில் மருத்துவக் கருவிகளுக்கென்று ஒரு மையம் ஆரம்பித்தன. எச்.டி.ஐ.சி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதை முன்னின்று நடத்தியவர் இவர். என்ஜினீயர்களும் டாக்டர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து நம் ஜனங்களுக்குத் தேவையான கருவிகளை யோசிக்கும் இடம் அது. கிராமத்துக்கே போய்க் கண்புரை ஆபரேஷன் செய்யும் பஸ் வசதியைச் சங்கர நேத்ராலயாவோடு சேர்ந்து உருவாக்கினார்கள். எங்கள் மதினியின் கதையோடு நேரே சம்பந்தப்பட்ட கருவியும் அங்கேதான் பிறந்தது.

குக்கர் காஸ்கெட்டும் ரத்தக்குழாயும்

புதுக் குக்கர் காஸ்கெட் எப்படி இருக்கும்? இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். இரண்டு வருஷம் போனால் விறைத்துப்போய், மடக்கினால் வெடிக்கும். நம் ரத்தக்குழாயும் ஏறக்குறைய அப்படித்தான்.

இதயம் ஒரு நாளைக்கு லட்சம் தடவை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் குபுக்கென்று பாய்கிறது. குழாய் இளகிக் கொடுத்து விரிந்து, பிறகு சுருங்கி, அந்த வேகத்தைத் தாங்கிக்கொள்கிறது. வயது ஏற ஏற இந்த இளக்கம் குறையும். ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, புகைப்பழக்கம் இருந்தால் இன்னும் சீக்கிரம் குறையும். பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு இது வேகமாக வரும். குழாய் இறுகிவிட்டால் ஒவ்வொரு துடிப்பும் மூளை, சிறுநீரகம் போன்ற மென்மையான இடங்களில் போய் அடியடியாக விழும். வலி கிடையாது, எரிச்சல் கிடையாது. "நல்லாத்தானே இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருப்போம்.

இந்த இறுக்கத்தை முன்கூட்டியே அளக்க முடியுமா? பெரிய ஸ்கேன் இயந்திரம், அதில் கைதேர்ந்த ஆள் இரண்டும் இருந்தால் முடியும். ஆனால் எல்லா ஊரிலும் அதற்கு எங்கே போவது? மோகனசங்கரும், அதே மையத்தில் இந்த வேலையை முன்னின்று செய்த ஜெயராஜ் ஜோசப் என்ற என்ஜினீயரும், இன்னும் பல இளைஞர்களும் கேட்ட கேள்வி இதுதான்: படமே இல்லாமல் அளந்தால் என்ன?

எங்கள் ஊர்ப் படகுப் பெட்டிதான் மறுபடி ஞாபகத்துக்கு வருகிறது. தரையின் ஆழம் தெரிய, தரையைப் போட்டோ எடுக்க வேண்டியதில்லையே! எதிரொலி வந்த நேரம் தெரிந்தால் போதும்.

அவர்கள் செய்த கருவிக்கு 'ஆர்ட்சென்ஸ்' என்று பெயர். பேனா மாதிரி ஒன்றைக் கழுத்தின் பக்கவாட்டில் வைக்கிறார்கள். அங்கே மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனி ஓடுகிறது. கன்னத்துக்குக் கீழே விரல் வைத்தால் துடிக்குமே, அதுதான். உடம்பின் திசுவில் ஓசை விநாடிக்கு 1540 மீட்டர் ஓடும். இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும் தமனியைத் தொட்டுவிட்டு வர, விநாடியைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் 26 பங்கு நேரம்தான். கண் இமைப்பதற்குள் ஆயிரம் தடவை போய்வரலாம்!

தமனியின் முன் சுவரிலிருந்து ஓர் எதிரொலி, பின் சுவரிலிருந்து இன்னொன்று. இரண்டுக்கும் இடையே உள்ள நேரம்தான் தமனியின் விட்டம். சுமார் 6, 7 மில்லிமீட்டர் இருக்கும். இதயம் துடிக்கும்போது இரண்டு சுவரும் விலகும், பிறகு நெருங்கும். அந்த அசைவு மிக மிகச் சிறியது. கழுத்தில் தசை, நரம்பு, சிரை என்று எத்தனையோ இருக்க, ஒன்றுக்கொன்று எதிர்ப்புறமாக, நாடியோடு சேர்ந்து அசைவது எது என்று கண்டுபிடித்து, இதுதான் தமனி என்று கருவியே தானாகத் தெரிந்துகொள்கிறது. கையில் பி.பி. பார்த்த அளவையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, இவ்வளவு அழுத்தத்துக்கு இவ்வளவுதான் விரிகிறது, ஆகவே இறுக்கம் இவ்வளவு என்று எண்ணாகச் சொல்லிவிடுகிறது. உங்கள் வயது 45, ரத்தக்குழாயின் வயது 60 என்று தெரிந்தால் நாம் அலட்சியமாக இருப்போமா?

இதில் சர்க்யூட் வேலை எங்கே என்று கேட்பீர்கள். கல்லுக்குக் கொடுக்கும் மின்சாரம் பலமானது. திரும்பி வரும் எதிரொலியோ, அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. தெருவெல்லாம் கேட்கும்படி கூப்பாடு போட்ட அடுத்த நொடியே, பக்கத்து வீட்டில் கிசுகிசுப்பதைக் காது கொடுத்துக் கேட்கிற மாதிரி. கூப்பாட்டில் காது அடைத்துப் போகவும் கூடாது, கிசுகிசுப்பு தப்பவும் கூடாது. அதற்கேற்ற மாதிரி மின்வழிகளை அமைப்பதுதான் சர்க்யூட் என்ஜினீயரின் சாமர்த்தியம். கண்ணுக்குள் வைக்கும் சிப்பில் மெல்லிய மின்சாரத்தோடு பழகியவருக்கு இந்த வேலை தூரத்து உறவு இல்லை, பக்கத்து உறவுதான்.

இந்தக் கருவியைப் பற்றி 2021-ல் மத்திய அரசே அறிவிப்பு வெளியிட்டது. படம் பார்த்துப் படிக்கத் தெரிந்த நிபுணர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. கொஞ்சம் பழக்கிவிட்டால் செவிலியரே கையாளலாம். அதே 2021 ஆகஸ்டில்தான் தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி, பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாக வந்து பி.பி.யும் சர்க்கரையும் பார்க்க ஆரம்பித்தார்கள். வாசலுக்கு வரும் அப்படிப்பட்ட சகோதரிகள் பையில் எளிய கருவிகள் இருந்தால்தானே நம்மைப் போன்றவர்களுக்கு உபயோகம்!

கருவி ஒன்று, கை வேறு

ஸ்கேன் என்றதும் நம் பெண்களுக்கு இன்னொரு ஞாபகமும் வரும். வயிற்றில் இருப்பது பெண் என்று தெரிந்து கலைத்த பாவம் இதே எதிரொலியை வைத்துத்தான் நடந்தது. அதைத் தடுக்க 1994-ல் சட்டம் வந்தது. கருவில் ஆணா பெண்ணா என்று சொல்வதும் குற்றம், கேட்பதும் குற்றம். டாக்டர் டொனால்ட் ஒரு தாயைக் காப்பாற்றக் கொண்டுவந்த கருவியை, மகளை அழிக்க உபயோகித்தது யார் தப்பு? கருவியின் தப்பு இல்லை.

அதே கரு விஷயத்தில் நல்லதற்கான ஆராய்ச்சியும் நடக்கிறது. 2022-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் திறக்கப்பட்டது. அதற்கும் தலைமை மோகனசங்கர்தான். கருவில் வளரும் சிசுவின் மூளை எப்படி உருவாகிறது என்பதை 5132 மெல்லிய வெட்டுகளாகப் படம் பிடித்து, 'தரணி' என்று பெயர் வைத்து, உலகத்து ஆராய்ச்சியாளர்கள் யாரும் பார்க்கும்படி 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள். சிசுவுக்கு வரும் மூளைக் குறைகளைப் புரிந்துகொள்ள அது உதவும். சர்க்யூட்டில் ஆரம்பித்த ஒருவர் கண்ணுக்குப் போய், ரத்தக்குழாய்க்குப் போய், மூளைக்கும் போயிருக்கிறார்!

நாம் செய்ய வேண்டியது

கழுத்தில் வைக்கும் கருவி நம் தெரு ஆஸ்பத்திரிக்கு வரட்டும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். கையில் பட்டை கட்டிப் பார்க்கும் பி.பி. பரிசோதனை எல்லா அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசம். முப்பது வயதைத் தாண்டிய எல்லோரும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்த்துக்கொள்ளுங்கள். 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் என்று மறுபடி மறுபடி வந்தால் ரத்தக் கொதிப்பு என்று அர்த்தம். டாக்டர் மாத்திரை கொடுத்தால், 'இப்போ சரியாயிட்டுது' என்று நீங்களாக நிறுத்தக் கூடாது.

உப்பைக் குறையுங்கள். இதைச் சொல்ல எனக்கே சிரிப்பு வருகிறது. உப்பளம் சூழ்ந்த ஊர்க்காரி நான்! கருவாடு, ஊறுகாய், அப்பளம் இல்லாமல் எங்களுக்குச் சோறு இறங்காது. ஆனால் உலக சுகாதார நிறுவனம் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு இருக்கலாம் என்கிறது. எல்லாம் சேர்ந்து ஒரு சின்ன டீஸ்பூன் அளவு. எங்கள் வீட்டில் இப்போது சாப்பாட்டு மேஜையில் உப்பு ஜாடி கிடையாது. கருவாடு மாதத்துக்கு ஒரு நாள்தான்.

வாய் கோணுதல், கை எழும்பாமை, பேச்சு குழறல், இந்த மூன்றில் ஒன்று திடீரென்று வந்தாலும் தைலம் தடவிக்கொண்டு நிற்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன் உண்டு. அதிலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

சரி, என் அண்ணன் மகள் என்ன ஆனாள் என்று கேட்கிறீர்களா? நான் படித்ததையெல்லாம் ஒரு நாள் சாயங்காலம் அண்ணனையும் மதினியையும் உட்கார வைத்துச் சொன்னேன். அண்ணன், "டாக்டர் ஆகாமலும் இப்படிச் செய்ய முடியுமா?" என்று இரண்டு தடவை கேட்டார். மதினி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் என்ஜினீயரிங் கவுன்சலிங் பாரத்தை மகள் நிரப்பிக்கொண்டு வந்தபோது, அப்பா கையெழுத்துப் போட்டதற்குக் கீழே தானும் போட வேண்டும் என்று பேனாவை வாங்கினாள். பாரத்தில் அதற்கு இடம்கூடக் கிடையாது. இடது கையால், கோணல் மாணலாக, மெதுவாகப் போட்டாள்.

பிள்ளை இப்போது எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறாள். லீவுக்கு வரும்போதெல்லாம் முதல் வேலையாக அம்மாவுக்கு பி.பி. பார்க்கிறாள். அடுத்தது எனக்கு. சகோதரிகளே, உங்கள் வீட்டில் யாருக்குக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? இந்த வாரமே ஒரு நாள் ஒதுக்கிப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வரும்போது உங்கள் மதினியையும் கூட அழைத்துப் போங்கள்.